மின்சாரக் கேள்வி பதில்: ஓம் கணக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடை, மின்திறன் இரண்டையும் கண்டுபிடிக்கலாம் என்று பாடத்தில் படித்தோம். ஆனால் திறனுக்கு மட்டும் மூன்று சூத்திரங்கள் இருக்கின்றன. எதை எப்போது போட வேண்டும் சார்? எங்கள் வீட்டு அயர்ன் பாக்ஸை வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.
— பத்தாம் வகுப்பு மாணவி, திருவாரூர்

பதில்: அடிப்படை இரண்டே இரண்டுதான் அம்மா. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். மற்றவை இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டு வந்தவை. வோல்ட் × வோல்ட் ÷ ஓம் என்றாலும் வாட்தான். ஆம்பியர் × ஆம்பியர் × ஓம் என்றாலும் வாட்தான்.

அயர்ன் பாக்ஸில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கும். 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். 230 ÷ 4.35 = 52.9 ஓம். சரிபார்க்க, 230 × 230 ÷ 52.9 போட்டுப் பாருங்கள். 1000 திரும்ப வரும்.

எதைப் போடுவது என்ற கேள்விக்கு வருவோம். ஒப்பிடும் பொருள்களுக்கு எது பொதுவாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீட்டில் எல்லாச் சாதனங்களும் பக்க இணைப்பில் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் அதே 230 வோல்ட். அங்கே வோல்ட்டை வைத்த சூத்திரம் வசதி: ஓம் குறைந்தால் வாட் கூடும். ஆனால் அயர்ன் பாக்ஸின் வயரும் காயிலும் தொடர் இணைப்பு, இரண்டிலும் ஓடுவது அதே 4.35 ஆம்பியர். அங்கே ஆம்பியரை வைத்த சூத்திரம். 2 மீட்டர் நீள வயர், 0.75 ஸ்கொயர் எம்.எம். (சதுர மில்லிமீட்டர்) குறுக்குப் பரப்புள்ள தாமிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 4 மீட்டர். கிலோமீட்டருக்கு 26 ஓம் என்ற கணக்கில் 0.104 ஓம். 4.35 × 4.35 × 0.104 = ஏறத்தாழ 2 வாட். காயிலில் 1000 வாட், வயரில் 2 வாட். அதனால்தான் காயில் துணியைத் தேய்க்கிறது, வயர் கையில் பிடிக்கும்படி இருக்கிறது. இங்கே ஓம் கூடினால் வாட் கூடும். ‘ஓம் கூடினால் வாட் கூடுமா, குறையுமா?’ என்று தேர்வில் குழம்புகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

கேள்வி: பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மல்டிமீட்டரில் அளந்தேன். 65 ஓம் காட்டியது. 230 ஐ 65 ஆல் வகுத்தால் 3.5 ஆம்பியர், அதாவது 800 வாட்டுக்கும் மேல்! மீட்டர் தவறா, ஓம் விதி தவறா?
— ஐ.டி.ஐ. மாணவர், நெய்வேலி

பதில்: மீட்டரும் சரி, விதியும் சரி. நீங்கள் அளந்தது அணைந்து குளிர்ந்திருக்கும் பல்பு. கணக்குப் போட்டது எரியும் பல்புக்கு. எரியும்போது டங்ஸ்டன் இழை 2500 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. உலோகம் சூடாகச் சூடாகத் தடை ஏறும். 230 × 230 ÷ 60 = 882 ஓம். இதுதான் எரியும் நிலையில் உள்ள தடை; குளிர்ந்த நிலையைப் போல் 13 மடங்குக்கும் மேல்.

உங்கள் 3.5 ஆம்பியரும் கற்பனை இல்லை. ஸ்விட்சைப் போட்ட கணத்தில் அந்த அளவு கரன்ட் உண்மையாகவே பாய்கிறது. சில மில்லி செகண்டுகளில் இழை சூடேறி, 0.26 ஆம்பியருக்கு இறங்கி நிற்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போது ‘பட்’டென்று போவது இதனால்தான்.

வோல்ட் ஏறும் அதே விகிதத்தில் ஆம்பியரும் ஏறும் என்பதே ஓம் விதி. அதை எழுதும்போது ‘வெப்பநிலை மாறாதிருக்கும்போது’ என்று ஒரு வரி சேர்ப்பார்களே, அதை விட்டுவிடக் கூடாது. இந்த விதியைக் கண்டறிந்த ஜெர்மானிய இயற்பியலாளர் கியார்க் ஓம் தன் சோதனைகளை முதலில் வோல்டா மின்கலங்களை வைத்துச் செய்தார். கரன்ட் எடுக்க எடுக்க அவற்றின் அழுத்தம் சரிந்துகொண்டே போனதால் கணக்கு பிடிபடவில்லை. பிறகு பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த வெப்ப இரட்டைக்கு (இரண்டு உலோகங்களின் இணைப்புகளை வேறு வேறு வெப்பநிலையில் வைத்தால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறு முனை பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் நிலையாக நின்றன, அழுத்தமும் நின்றது, விதி கிடைத்தது. 1827இல் பெர்லினில் புத்தகமாக வெளியிட்டார்.

ஹீட்டர் காயில் நிக்ரோமில் ஆனது. அது செக்கச்செவேல் என்று சூடானாலும் தடை சில சதவீதம்தான் ஏறும். ஆகவே அயர்ன் பாக்ஸ், கீசர், இம்மர்ஷன் ராடு இவற்றை அணைத்து, பிளக்கைக் கழற்றி ஓம் அளந்து வாட் கணக்கிடலாம், நம்பலாம். பல்புக்கும் மோட்டாருக்கும் அது செல்லாது.

கேள்வி: 1500 வாட் இம்மர்ஷன் ராடு வாங்கினேன். சிறிய பிளக்கில்தான் மாட்டுகிறேன். ஒரு மாதத்தில் பிளக் கறுத்து, சாக்கெட் உருகிவிட்டது. ஆனால் எம்.சி.பி. (கரன்ட் மிகுந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) ஒரு தடவைகூட விழவில்லை. ஆர்.சி.சி.பி.யும் (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறது, அதுவும் விழவில்லை. ஏன்?
— இல்லத்தரசி, ராஜபாளையம்

பதில்: இந்த இதழில் எல்லோரும் கவனித்துப் படிக்க வேண்டிய கேள்வி இதுதான்.

1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். சிறிய பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. அரை ஆம்பியர்தானே அதிகம் என்று தோன்றும். சிக்கல் அந்த அரை ஆம்பியரில் முடிவதில்லை. பிளக்கின் பின்னும் சாக்கெட்டின் உள்தகடும் தொடும் இடத்தில்தான் பெரிய சிக்கல். புதிதாக, இறுக்கமாக இருக்கும்போது அந்த இடத்தின் தடை 0.005 ஓம் போல இருக்கும். 6.5 × 6.5 × 0.005 = 0.2 வாட். ஒன்றும் தெரியாது. ராடு தினமும் கால் மணி, அரை மணி ஓடும்போது பித்தளைத் தகடு சூடாகி ஸ்பிரிங் தன்மையை இழக்கிறது. பிடி தளர்கிறது, உலோகத்தின் மேல் ஆக்சைடு படிகிறது, தடை ஏறுகிறது. தடை ஏறினால் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் தடை மேலும் ஏறுகிறது. 0.5 ஓம் ஆகும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 20 வாட்டுக்கு மேல் சூடு. பிளக்குக்குள்ளே ஒரு சிறிய சால்டரிங் அயர்னைச் செருகி வைத்த மாதிரி.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? அது பார்ப்பது ஆம்பியரை மட்டும். ராடின் தடை 35.3 ஓம், அதோடு அரை ஓம் சேர்ந்தால் மொத்தம் 35.8. கரன்ட் 6.5இல் இருந்து 6.4க்குக் குறைகிறதே தவிர, ஏறவில்லை. எர்த்துக்கும் எதுவும் கசியவில்லை, அதனால் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. லூஸ் கனெக்‌ஷன் சூட்டை இந்த இரண்டும் கண்டுபிடிக்காது. உங்கள் கையும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அன்றே மாற்ற வேண்டும்.

பிளக், சாக்கெட், ஸ்விட்ச் மூன்றும் 16 ஆம்பியருக்கு உரியதாக இருக்கட்டும். போர்டிலிருந்து தனி வயர், 2.5 ஸ்கொயர் எம்.எம். கறுத்துப்போன வயர் நுனியை அப்படியே திருகாணிக்குள் மறுபடி முறுக்கக் கூடாது. பளிச்சென்ற தாமிரம் தெரியும் வரை வெட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். சிலர் நுனியில் ஈயம் பற்றவைத்து மாட்டுவார்கள். திருகாணி அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி, சில மாதத்தில் பிடி மறுபடி தளரும். அதைச் செய்ய விடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் ராடு வேண்டாம், அதுவும் சுருட்டி வைத்த வயரில் வேண்டவே வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் வரும்போது வயரிங்கையும் சேர்த்துச் சோதிக்கலாம். அதே பெட்டியில் உள்ள பக்கத்து சாக்கெட்டில் வோல்ட் பார்க்கட்டும். ராடு ஓடாதபோது 232, ஓடும்போது 226 என்றால் 6 வோல்ட் இறங்குகிறது. 6 ÷ 6.4 = 0.94 ஓம். இதே சோதனையை மெயின் போர்டில் செய்தால் இறக்கம் 1.5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம்: 0.23 ஓம், அது தெருக் கம்பியிலிருந்து வருவது. ஆக வீட்டுக்குள் 0.7 ஓம். போர்டிலிருந்து சாக்கெட் வரை 15 மீட்டர், 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் என்றால் போக வர 30 மீட்டருக்கு 0.36 ஓம்தான் நியாயம். மீதி 0.34 ஓம் எங்கோ ஒரு ஜாயின்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. சுவருக்குள் இருக்கும் அந்த இடத்தில் 14 வாட் சூடு. ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் மாலையில் 190 வோல்ட்தான் வரும். வோல்ட்டேஜ் குறைந்தால் வாட் குறையும், பில்லும் குறையும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?
— தேனி வாசகர்

பதில்: வாட் குறையும், பில் குறையாது. அதே 1500 வாட் ராடு 190 வோல்ட்டில் 190 × 190 ÷ 35.3 = 1023 வாட்தான் தரும். வோல்ட் 17 சதவீதம் இறங்கினால் சூடு 32 சதவீதம் இறங்குகிறது. வர்க்கத்தில் போவதால் இந்த அடி. ஆனால் 15 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45க்கு ஏற்ற 0.31 யூனிட் தேவை. 230 வோல்ட்டில் அது பன்னிரண்டரை நிமிடத்தில் ஆகும். 190இல் பதினெட்டரை நிமிடம். யூனிட் அதே. காத்திருக்கும் நேரத்தில் வாளியிலிருந்து போகும் சூட்டையும் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல்தான்.

மோட்டார் இதற்கு நேர்மாறு. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் போர் மோட்டார், 90 மீட்டர் ஆழம். ஸ்டார்ட்டர் பெட்டியில் கேபிளைக் கழற்றி ரன்னிங் காயிலை அளந்தால் 3.9 ஓம் காட்டுகிறது. 230 ஐ 3.9 ஆல் வகுத்தால் 59 ஆம்பியர் வருகிறது. ஆனால் கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவி) ஓடும்போது 6.5 ஆம்பியர்தான். காயில் ஷார்ட் என்று ரீவைண்டிங் கடையில் சொல்கிறார்கள். மோட்டாரை வெளியே எடுக்க வேண்டுமா?
— விவசாயி, பல்லடம்

பதில்: எடுக்க வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லும் அளவுகளில் ஷார்ட்டுக்கான அடையாளம் எதுவும் இல்லை.

முதலில் அந்த 3.9 ஓமைப் பிரிப்போம். மேலே நின்று அளந்தால் கேபிளும் சேர்ந்துதான் காட்டும். 2.5 ஸ்கொயர் எம்.எம். தாமிரக் கேபிள் கிலோமீட்டருக்கு 7.4 ஓம், போக வர 180 மீட்டருக்கு 1.3 ஓம். கழித்தால் காயில் 2.6 ஓம். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். 0.2, 0.3 ஓம் காட்டினால் அதையும் கழிக்க வேண்டும். இந்த மாதிரிச் சின்ன அளவுகளில் அந்த 0.3 பெரிய தவறு.

அப்புறம், வோல்ட்டை இந்த ஓமால் வகுப்பது மோட்டாருக்குப் பொருந்தாது. மீட்டர் தன் சின்ன பேட்டரியிலிருந்து நேர் மின்சாரம் அனுப்பி, தாமிரக் கம்பியின் தடையை மட்டும் பார்க்கிறது. மாறு மின்சாரத்தில், இரும்பைச் சுற்றிய காயில் தன் காந்தப்புலத்தால் எதிர் அழுத்தம் ஒன்றை உண்டாக்கிக் கரன்ட்டைத் தடுக்கிறது. மோட்டார் சுற்றும்போதுதான் இந்தத் தடுப்பு முழுதாக வேலை செய்யும். சுற்றாமல் மாட்டிக்கொண்டால் கரன்ட் பல மடங்கு ஏறும். மண் அடைத்த பம்பு காயிலைக் கருக்குவது அப்படித்தான்.

வாட் கணக்கிலும் ஒரு பெருக்கல் சேர வேண்டும்: பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வந்ததில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் எண். 230 × 6.5 = 1495 என்பது வாட் அல்ல, வோல்ட் ஆம்பியர். பவர் ஃபேக்டர் 0.85 என்றால் 1270 வாட். மீட்டரில் ஏறுவது இதுதான். 1 ஹெச்.பி. என்பது 746 வாட்; அது தண்டில் கிடைக்கும் வேலை. மீதி சூடாகவும் உராய்வாகவும் போகிறது. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு இதோடு 1.732 ஆலும் பெருக்க வேண்டும். 5 ஹெச்.பி., 415 வோல்ட், 8 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.82 என்றால் 1.732 × 415 × 8 × 0.82 = 4715 வாட், அதாவது மணிக்கு 4.7 யூனிட்.

அப்படியானால் 2.6 ஓமுக்கு என்ன பயன்? காயிலில் எவ்வளவு சூடு பிறக்கிறது என்று அது சரியாகச் சொல்லும். 6.5 × 6.5 × 2.6 = 110 வாட். வோல்ட்டேஜ் 180க்கு இறங்கினால் ஹீட்டரைப் போல மோட்டார் சும்மா இருக்காது. தண்ணீர் அதே உயரம் ஏற வேண்டும், வேலை அதே. ஆகவே கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 8.5 ஆம்பியர் ஆனால் சூடு 188 வாட். ஆம்பியர் 30 சதவீதம் ஏற, சூடு 70 சதவீதம் ஏறிவிட்டது. குறைந்த வோல்ட்டேஜில் மோட்டார் கருகுவது இதனால். ஓவர்லோடு ரிலேயை (ஆம்பியர் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் காவல்) மோட்டாரின் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள். அடிக்கடி விழுகிறது என்று திருகி ஏற்றிவிட்டால் காவலே இல்லை.

ஷார்ட் உண்டா என்று பார்க்க, வாங்கியபோது அளந்த ஓமோடு ஒப்பிட வேண்டும். புது மோட்டார் இறக்கும்போதே மூன்று கம்பிகளுக்கு இடையேயும் அளந்து, கேபிள் நீளத்தோடு ஸ்டார்ட்டர் மூடியின் உட்புறம் எழுதி வைப்பது நல்ல வழக்கம். த்ரீ ஃபேஸ் என்றால் மூன்று அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் சந்தேகப்படலாம். எர்த் கசிவுக்கு மல்டிமீட்டர் போதாது. 500 வோல்ட் மெக்கரில் (காப்புத் தடையை அளக்கும் கருவி) காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரில் 120 வோல்ட், 600 வாட் என்று இருக்கிறது. பிளக் பின்னை மட்டும் மாற்றி மாட்டலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: கூடவே கூடாது. 120 × 120 ÷ 600 = 24 ஓம். காயிலின் ஓம் எந்த நாட்டுக்குப் போனாலும் அதேதான். 230 வோல்ட்டில் 9.6 ஆம்பியர் ஓடி 2200 வாட் ஆகும். சில நொடிகளில் காயிலோ தெர்மல் ஃப்யூஸோ போகும். 230/120 ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர், 1000 வோல்ட் ஆம்பியர் திறனில் வாங்குங்கள். அதன் விலைக்கு இங்கே புதுக் குக்கரே கிடைக்கலாம், விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஃபிரிட்ஜ் எவ்வளவு வாட் எடுக்கிறது என்று அளக்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் 0.9 ஆம்பியர். 230 ஆல் பெருக்கினால் 207 வருகிறது. அதுதான் வாட்டா?
— யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: அது வோல்ட் ஆம்பியர். கம்ப்ரசருக்குள்ளும் மோட்டார்தான், பவர் ஃபேக்டர் தெரியாமல் வாட் கிடையாது. கருவி எதுவும் வாங்காமல் அளக்க நல்ல வழி, உங்கள் வீட்டு எலக்ட்ரானிக் மின் மீட்டர். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். மீட்டருக்கு மீட்டர் எண் மாறும். 3200 என்று வைத்துக்கொண்டால் ஒரு மின்னல் 1125 வாட் செகண்ட். 10 மின்னலுக்கு 11,250.

மற்ற எல்லாவற்றையும் எம்.சி.பி.யில் அணையுங்கள். சார்ஜர், டி.வி. பெட்டி, வைஃபை எதுவும் விடக் கூடாது. கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டபின் 10 மின்னலுக்கு எத்தனை செகண்ட் என்று கைபேசியில் பாருங்கள். எண்ணத் தொடங்கும் மின்னல் பூஜ்யம், ஒன்று அல்ல. இதில்தான் பலர் தவறுகிறார்கள். 90 செகண்ட் ஆனால் 11,250 ÷ 90 = 125 வாட். இதை 207 ஆல் வகுத்தால் 0.6, அதுவே உங்கள் ஃபிரிட்ஜின் பவர் ஃபேக்டர்.

நாள் கணக்குக்கு, ஒரு மணி நேரத்தில் கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறியுங்கள். 25 நிமிடம் என்றால் மணிக்கு 52 வாட் மணி, நாளுக்கு 1.25 யூனிட், இரண்டு மாதத்துக்கு 75 யூனிட். கதவை அடிக்கடி திறக்கும் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

கேள்வி: ஆட்டோவில் அலங்காரத்துக்கு மூன்று வெள்ளை எல்.இ.டி.க்களைத் தொடராக மாட்டி 120 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். 12 வோல்ட் அடாப்டரில் நன்றாக எரிந்தது. வண்டியில் சில வாரங்களிலேயே போய்விடுகிறது.
— ஆட்டோ எலக்ட்ரீஷியன், திண்டுக்கல்

பதில்: வண்டி ஓடும்போது பேட்டரியில் 12 இல்லை, 14.4 வோல்ட் வரை ஏறும். ஒரு வெள்ளை எல்.இ.டி. 3.2 வோல்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்; மூன்றுக்கு 9.6. அடாப்டரில் ரெசிஸ்டருக்கு மிஞ்சியது 2.4 வோல்ட், 2.4 ÷ 120 = 20 மில்லி ஆம்பியர், சரி. வண்டியில் மிஞ்சுவது 4.8 வோல்ட், 40 மில்லி ஆம்பியர். வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு ஏறியதற்குக் கரன்ட் இரட்டிப்பு. 20 மில்லி ஆம்பியருக்கு உரிய எல்.இ.டி. அதைத் தாங்காது.

எல்.இ.டி.க்கு இத்தனை ஓம் என்று ஒன்று கிடையாது. அதன் வோல்ட் அநேகமாக அசையாமல் நிற்கும், கரன்ட்டைக் கட்டுப்படுத்துவது ரெசிஸ்டர் மட்டுமே. ரெசிஸ்டரின் பங்குக்கு எவ்வளவு அதிக வோல்ட் விடுகிறீர்களோ அவ்வளவு நிலையாக எரியும். இரண்டு எல்.இ.டி. தொடராக, 470 ஓம் போடுங்கள். 14.4 வோல்ட்டில் 8 ÷ 470 = 17 மில்லி ஆம்பியர்; 12 வோல்ட்டில் 12 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் சூடு 0.14 வாட். கால் வாட் ரெசிஸ்டர் கணக்குப்படி போதும், வெயிலில் நிற்கும் வண்டிக்கு அரை வாட் போடுங்கள். சுருக்குக் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் குழாய்) போட்டு மூடினால் அரை வாட் கட்டாயம்.

கேள்வி: பிளக்கில் எத்தனை ஆம்பியர் இருக்கிறது என்று பார்க்க மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்துச் செருகினேன். பெரிய சத்தத்தோடு வெடித்தது.
— சேலம் வாசகர்

பதில்: பிளக்கில் வோல்ட்தான் இருக்கும். ஆம்பியர், சாதனம் ஓடும்போது அதன் வழியே பாய்வது. ஆம்பியர் பக்கத்தில் மீட்டரின் உள்தடை 0.01 ஓம் அளவுதான். நீங்கள் செய்தது நேரடி ஷார்ட். வீட்டு வயரிங்கின் அரை ஓம் மட்டுமே தடுக்க, 400 ஆம்பியருக்கு மேல் பாய்ந்திருக்கும். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃப்யூஸ்கூட இருப்பதில்லை. 230 வோல்ட்டில் ஆம்பியர் பார்க்க கிளாம்ப் மீட்டர் மட்டும் பயன்படுத்துங்கள். அதையும் ஃபேஸ் வயரை மட்டும் பிரித்து மாட்டி அளக்க வேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும். சின்னக் கரன்ட் என்றால் வயரைக் கிளாம்புக்குள் 10 சுற்று சுற்றி, வந்த எண்ணை 10 ஆல் வகுங்கள்.

கேள்வி: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் பல்பு மாட்டிப் பார்த்தோம், பிரகாசமாக எரிந்தது. எர்த் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— கட்டட மேஸ்திரி, விழுப்புரம்

பதில்: கூடாது. இந்தச் சோதனையை நம்பித்தான் பல வீடுகளில் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

எரியும் 100 வாட் பல்பின் தடை 529 ஓம். எர்த் ராடின் தடை 20 ஓம் என்றால் மொத்தத்தில் அது ஒரு துளி; 230 வோல்ட்டில் 8 வோல்ட்தான் எர்த்தில் இறங்கும். 100 ஓம் எர்த் ஆனாலும் பல்பு எரியும், கொஞ்சம் மங்கும், அவ்வளவே. இப்போது கீசரின் உள்வயர் அதன் உலோக உடம்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் ஃபேஸிலிருந்து உங்கள் எர்த் ராடு வழியே மண்ணுக்குள் போய், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் வழியே திரும்பும். 20 ஓமோடு அங்கே ஒரு 2 ஓம். 230 ÷ 22 = 10.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு நாள் முழுவதும் விழாது. அந்த நேரம் முழுக்க கீசர் உடம்பில் நிற்பது 10.5 × 20 = 210 வோல்ட். ஈரக் கையில் மனித உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், 0.2 ஆம்பியர் பாய்ந்தால் உயிர் போகும்.

சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழுவதை உறுதியாக்க 160 ஆம்பியர் வேண்டும். அதற்குச் சுற்று முழுவதும் 1.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஒரு ராடு அடித்து மண்ணில் அது கிடைப்பது அரிது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்வது இதற்காகத்தான். எர்த் 100 ஓம் ஆகவே இருந்தாலும், கீசர் உடம்பில் 3 வோல்ட் ஏறுவதற்குள் அது துண்டித்துவிடும். எர்த் ராடை எர்த் டெஸ்டரில் அளக்கச் சொல்லுங்கள். கோடையில் அளந்தால்தான் உண்மை தெரியும், மழைக்காலத்தில் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத் தெரியும். ஆர்.சி.சி.பி. இருந்தாலும் எர்த் வயரை வெட்டிவிடாதீர்கள். அது இல்லையென்றால், ஒரு ஆள் தொட்ட பிறகுதான் துண்டிக்கும்.

கேள்வி: இன்வெர்ட்டரில் 400 வாட் லோடு. 230 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர்கூட இல்லை. ஆனால் பேட்டரி டெர்மினல் தொட முடியாத சூடு. பேட்டரி கெட்டுவிட்டதா?
— மதுரை வாசகர்

பதில்: பேட்டரியைக் குறை சொல்லும் முன் இணைப்பைப் பாருங்கள். 400 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 33 ஆம்பியர். இன்வெர்ட்டரின் செயல்திறன் 85 சதவீதம் என்றால் பேட்டரியிலிருந்து 39 ஆம்பியர். பச்சை பூத்த டெர்மினலில் தடை 0.02 ஓம்தான் என்றாலும் 39 × 39 × 0.02 = 30 வாட். இதே 0.02 ஓம் 230 வோல்ட் பக்கம் இருந்தால் 0.06 வாட், யாருக்கும் தெரியாது. இன்னொன்று, அந்த 0.02 ஓமில் 0.78 வோல்ட் வீணாவதால் இன்வெர்ட்டர் ‘பேட்டரி லோ’ என்று முன்கூட்டியே அணைந்துவிடும். புதுப் பேட்டரி வாங்கிய பிறகும் அதே தொல்லை என்று புலம்புகிற வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்வெர்ட்டரை அணைத்து, மெயினையும் அணைத்து, நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள். டெர்மினலையும் லக்கையும் (கம்பி நுனியில் உள்ள உலோக வளையம்) சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, உலர்த்தி, உலோகம் பளிச்சென்று தெரியும்படி தேய்த்து, பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். இறுக்குமுன் தடவ வேண்டாம். அப்புறம் 400 வாட் லோடைப் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை லக்கிலும் வையுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால், 39 ஆம்பியரால் வகுக்க, அரை மில்லி ஓம், நல்ல இணைப்பு. 100க்கு மேல் காட்டினால் லக்கையே வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்ய (அழுத்தி நசுக்கிப் பொருத்த) வேண்டும். ஆம்பியரையும் பார்க்க விரும்பினால் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரா என்று கேட்டு வாங்குங்கள்; ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்பில் பேட்டரிக் கம்பியின் 39 ஆம்பியர் சரியாகத் தெரியாது.